புதிய கேடிஎம் எண்டியூரோ வண்டிகளைப் பற்றி ரைடர்கள் ஏன் இரண்டுபட்டுப் பேசுகிறார்கள்?

கேள்வி இது: "2024 மாடலில் கேடிஎம் தன் ஈஎக்ஸ்சி எண்டியூரோ (காடு, மலைப் பாதைகளில் நடக்கும் நெடுந்தூரப் போட்டி) வண்டிகளை அடியோடு மாற்றியது. ஓட்டியவர்களில் ஒரு பகுதியினர் இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் பழையதை விற்றுவிடாதே என்கிறார்கள். யாரை நம்புவது? நல்ல நிலையில் ஒரு 2023 மாடல் 300 சிசி டூ ஸ்ட்ரோக் கிடைக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாமா?"

இரண்டு தரப்பையும் நம்பலாம் என்பதுதான் என் பதில். இருவரும் அனுபவித்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் புல்வெளியிலும் காட்டுப் பாதையிலும் மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியவர். மற்றவர் ஓடைக்குள், ஈரப் பாறைமேல், நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, கிளட்ச்சில் ஒரு விரலை வைத்தபடி ஏறியவர். ஒரே வண்டி இவர்கள் இருவருக்கும் வேறு வேறு வண்டியாகத்தான் தெரியும். இதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு மறுவடிவமைப்பிலும், ரைடர் தன் வீட்டு ஷெட்டில் தானே செய்துவந்த ஏதோ ஒரு வேலை அவர் கையைவிட்டுப் போகிறது. இந்த வண்டிகளைப் பற்றிய கோபத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்; அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சின்ன விளக்கம். இந்தியாவில் 2025ல் வந்த 390 எண்டியூரோ ஆர் வண்டியோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெட்ரோல், ஆயிலோடு 177 கிலோ எடையுள்ள, ரோட்டிலும் மண்ணிலும் ஓடக்கூடிய வண்டி. ஈஎக்ஸ்சி என்பது ஆஸ்திரியாவின் மாட்டிக்ஹோஃபனில் பிறந்த போட்டி வண்டி. சர்வீஸை கிலோமீட்டரில் எண்ணமாட்டார்கள், எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் எண்ணுவார்கள். லைட், ஹாரன், நம்பர் பிளேட் எல்லாம் இருப்பது, எண்டியூரோ போட்டிகளில் ஒரு சோதனைக் களத்திலிருந்து அடுத்ததற்குப் பொதுச்சாலை வழியாகப் போக வேண்டியிருப்பதால்தான்.

சரி, 2024ல் என்ன மாறியது? ஃபிரேம் புதிது. பின் ஷாக்கின் மேல்முனை ஃபிரேமின் முதன்மைக் குழாயிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது, பின்சக்கரம் வாங்கும் அடி நேராக முன்பக்கம் ஏறக்கூடாது என்பதற்காக. முன்ஃபோர்க் மாறியது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோல் செலுத்தும் முறை மாறியது. எஞ்சின் வேகத்துக்கேற்ப எக்ஸாஸ்ட் வாயின் அளவை மாற்றும் பவர் வால்வை எலக்ட்ரானிக் மோட்டார் இயக்கத் தொடங்கியது. பழைய ஃபியூஸ்களும் ரிலேக்களும் போய், ஒரே எலக்ட்ரானிக் பெட்டி வந்தது. வண்டி கவிழ்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் சேர்ந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிக்கர் போய்விட்டது. சைடு பேனல், சீட், ஃபுட்பெக் மாற்றங்களைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

சண்டை முதலில் ஃபோர்க்கில் தொடங்கியது. 2017 மாடலிலிருந்து 2023 வரை ஈஎக்ஸ்சியில் இருந்தது டபிள்யூபி நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோர் ஃபோர்க். 48 மில்லிமீட்டர், ஓப்பன் கார்ட்ரிட்ஜ் வகை. அதில் இரண்டு கால்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்: இடது கால் அமுங்கும்போது தடுக்கும், வலது கால் திரும்பி எழும்போது தடுக்கும். இதன் குணம் மென்மை. வேர்கள் பின்னிக்கிடக்கும் ஏற்றத்திலோ உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடையிலோ மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தரையை ஒட்டிக்கொண்டே போகும், கைக்கு அடி வராது. ஆனால் வேகமாக வந்து பள்ளத்தின் முன்னால் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குபுக்கென்று இறங்கிவிடும். வேகமாக ஓட்டுகிற பலர் புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்த கையோடு ஃபோர்க்கின் உள்பாகங்களை மாற்றச் சஸ்பென்ஷன் கடைக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

2024ல் வந்தது டபிள்யூபி எக்ஸாக்ட், க்ளோஸ்டு கார்ட்ரிட்ஜ் வகை. தடுக்கும் வேலையைச் செய்யும் ஆயில் ஒரு மூடிய குழாய்க்குள் தனியாக இருக்கும், வெளியே உள்ள காற்றோடு கலக்காது. அதனால் நீண்ட நேரம் அடி வாங்கினாலும் ஆயில் நுரைக்காது, போட்டியின் முதல் சுற்றில் இருந்த குணம் கடைசிச் சுற்றிலும் இருக்கும். முழுதாக அமுங்கும்போது கடைசி 40 மில்லிமீட்டரில் ஒரு ஹைட்ராலிக் தடுப்பும் உண்டு, டங்கென்று அடிமட்டத்தில் மோதாமல் இருக்க. வேகமாக ஓட்டுகிறவர்கள் கொண்டாடியது இதைத்தான். கடையில் காசு கொடுத்துச் செய்துகொண்டிருந்த வேலை இப்போது வண்டியோடு வந்துவிட்டது என்றார்கள். அது நியாயமான பாராட்டு.

மெதுவாக ஏறுகிறவர்கள் சொன்னது வேறு. சின்னக் கற்களில் முன்பக்கம் தெறிக்கிறது, வேரில் பட்டால் சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறது, மூன்று மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. இதுவும் உண்மைதான். நான் 2019 மாடல் 300 ஒன்றைச் சில ஆண்டுகள் வைத்திருந்தேன். புதிய 300ஐ நண்பர்கள் இருவரிடம் வாங்கிப் பல நாள் ஓட்டியிருக்கிறேன். ஒரே நாளில் ஒரே ஓடையில் இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றியபோது எனக்குப் பழையதுதான் எளிதாக இருந்தது. மேலே ஏறி, திறந்த காட்டுப் பாதையில் திரும்பும்போது புதியது மிகத் தெளிவாக முந்தியது. பழையதில் பயந்து குறைக்கும் இடங்களில் இதில் குறைக்கவே தோன்றவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான விவாதங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகின்றன: உடல் எடை. ஈஎக்ஸ்சியில் தொழிற்சாலை போடும் ஸ்பிரிங்குகள் கியரோடு சுமார் 75 முதல் 85 கிலோ உள்ள ரைடருக்கானவை. ஹெல்மெட், பூட்ஸ், கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு நான் 75ஐத் தொடுவதே சிரமம். ஆகவே எனக்கு அது இறுக்கமாகத் தெரிந்ததில் ஃபோர்க்கின் பங்கு பாதி, என் எடையின் பங்கு பாதி. 90 கிலோ நண்பருக்கு அதே ஃபோர்க் "மிருது" என்று பட்டது. ஒருவர் "கல்லு மாதிரி இருக்கிறது" என்று எழுதினால் அவர் எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் ஓடிய வண்டி என்ற இரண்டும் தெரியாமல் அந்த வரிக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். புது சீல்களும் புஷ்களும் பழகி இளகப் பத்து இருபது மணி நேரம் ஓட வேண்டும். முதல் நாள் எழுதப்படும் கருத்து, இன்னும் பழகாத ஃபோர்க்கைப் பற்றியது.

ஆனால் ஃபோர்க்கைப் பற்றிய எரிச்சல் ஓட்டும் உணர்வோடு நிற்கவில்லை. ஓப்பன் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கை வீட்டிலேயே பிரிக்கலாம். ஆயிலைக் கொட்டி, சீல் மாற்றி, அளவு பார்த்துப் புது ஆயில் ஊற்றி மூடிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். க்ளோஸ்டு கார்ட்ரிட்ஜில் உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் ஆயிலை நிரப்ப வேண்டும், அதற்கான கருவியும் பழக்கமும் வேண்டும். முடியாத வேலை என்று சொல்லவில்லை. ஆனால் இதுவரை தானே செய்துவந்தவர்களில் பலர் இனிக் கடைக்குத்தான் போவார்கள். மணிக்கணக்கில் சர்வீஸ் எண்ணும் வண்டியில் இது ஆண்டுக்கு ஆண்டு கூடும் செலவு.

பின்பக்கம் எதிர்பாராத அமைதி. கேடிஎம் 1998லிருந்து பிடிஎஸ் முறையை வைத்திருக்கிறது. ஷாக், லிங்கேஜ் என்ற இடை இணைப்பு எதுவும் இல்லாமல், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் நேராகப் பூட்டப்பட்டிருக்கும். அடியில் தொங்கும் லிங்கேஜ் இல்லாததால் மரக்கட்டையைத் தாண்டும்போது மாட்டாது, கிரீஸ் வைக்க வேண்டிய பேரிங்குகளும் குறைவு. அதே குழுமத்தின் ஹஸ்க்வர்னா எண்டியூரோ வண்டிகளில் லிங்கேஜ் உண்டு. அடுக்கடுக்காக வரும் மேடுகளில் அதுதான் நன்றாக உட்காருகிறது என்பார்கள். 2024ல் கேடிஎம் லிங்கேஜுக்கு மாறிவிடும் என்று பயந்தவர்கள் நிறைய. மாறவில்லை. அதனால் மற்ற மாற்றங்களில் சில கசப்புகள் இங்கே தணிந்தன என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது எஞ்சின். இதைப் புரிந்துகொள்ள 2024 மட்டும் போதாது, 2017க்குப் போக வேண்டும். அந்த ஆண்டும் கேடிஎம் எண்டியூரோ வரிசை முழுவதையும் மாற்றியது. 250, 300 டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் முதன்முறையாக, அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. அதுவரை அரைநாள் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகும். அதற்குப்பின் அந்தப் பேச்சே இல்லை. எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அதே ஆண்டு, எல்லாருக்கும் பழகியிருந்த 36 மில்லிமீட்டர் கெய்ஹின் கார்புரேட்டரை எடுத்துவிட்டு 38 மில்லிமீட்டர் மிக்குனியை வைத்தார்கள். ரைடர்களின் புகார் அந்தச் சீசன் முழுக்கக் கேட்டது: கீழ் ஆர்பிஎம்மில் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, பிளக் கருக்கிறது, சைலன்சர் முனையில் எண்ணெய் வடிகிறது, வண்டி சாய்ந்தால் பெட்ரோல் ஒழுகுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றினார்கள், ஊசியை மாற்றினார்கள், கடைசியில் பலர் பழைய கெய்ஹினையே வாங்கிப் பொருத்தினார்கள். முக்கியமான விஷயம் இதுதான்: பொருத்த முடிந்தது. பிடிக்காத பாகத்தைக் கழற்றி, பிடித்ததைப் போட்டு, பிரச்சினையை முடிக்க முடிந்தது.

ஒரே ஆண்டில், 2018 மாடலில், கார்புரேட்டரே போனது. யூரோ 4 மாசுக் கட்டுப்பாட்டைத் தாண்டி டூ ஸ்ட்ரோக்கைச் சாலைப் பதிவோடு விற்க வேண்டுமானால் இன்ஜெக்ஷன்தான் வழி என்று முடிவுசெய்து, 250, 300 இரண்டிலும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட் இன்ஜெக்ஷன் கொண்டுவந்தார்கள். (ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இதுவும் டிபிஐ, 2024ல் வந்த த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனும் டிபிஐ. அதனால் இதைப் போர்ட் இன்ஜெக்ஷன் என்றும், புதியதை பாடி இன்ஜெக்ஷன் என்றும் எழுதுகிறேன்.)

ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு டூ ஸ்ட்ரோக் எப்படி மூச்சு விடுகிறது என்பது தெரிந்திருக்கும். காற்றும் பெட்ரோலும் கலந்து முதலில் கிராங்க் கேஸுக்குள் வரும், பிஸ்டன் இறங்கும்போது பக்கவாட்டு ட்ரான்ஸ்ஃபர் போர்ட்கள் வழியாக மேலே ஏறும். ஏறும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறிவிடும். அந்த மணமும் புகையும் அதனால்தான். போர்ட் இன்ஜெக்ஷனில் கிராங்க் கேஸுக்குள் காற்று மட்டும் வரும். பெட்ரோலை இரண்டு இன்ஜெக்டர்கள் நேராக ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டிலேயே தெளிக்கும், பிஸ்டனின் நேரம் பார்த்து. வீணாவது குறைகிறது. ஆனால் பெட்ரோலோடு கலந்து வந்த ஆயில்தானே கிராங்க் பேரிங்குகளுக்கு உயவு? பெட்ரோல் அந்தப் பக்கம் போவதில்லை என்றால் ஆயிலைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு எலக்ட்ரானிக் பம்ப்பும் சின்ன ஆயில் டேங்க்கும் வந்தன. கார்புரேட்டர் வண்டியில் 60க்கு 1 என்று கலந்தவர்களுக்கு, இங்கே சராசரியாக 80க்கு 1 என்ற அளவில் கம்ப்யூட்டரே முடிவுசெய்கிறது என்றார்கள்.

இந்த பம்ப் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விதான் முதல் ஆண்டு முழுக்க ரைடர்களைத் தூங்கவிடவில்லை. ஆர்எக்ஸ் 100ல் ஆட்டோலூப் பம்ப் இருந்தும், அதை நம்பாமல் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அதே பயம், அதே தீர்வு. ஐரோப்பாவிலும் சிலர் பம்ப்பைத் துண்டித்துவிட்டுக் கையால் கலந்தார்கள். கையால் கலந்தால் எவ்வளவு ஊற்றினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். பம்ப் வேலை செய்கிறதா என்பது நின்றபின்தான் தெரியும். பயத்தின் வேர் அங்கேதான்.

சில ஆண்டுகளில் எது உண்மை, எது பயம் என்று தெளிந்தது. டேங்க் பெட்ரோலுக்கு ஓடும் தூரம் கூடியதை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மலையேறும்போது ஜெட் மாற்ற வேண்டியதில்லை; ருமேனியாவில் சிபியூவைச் சுற்றி நடக்கும் ரோமேனியாக்ஸ் போட்டியைப் போல ஒரே நாளில் பள்ளத்தாக்கிலிருந்து மலைமுகட்டுக்கு ஏறும் இடங்களில் இது பெரிய நிம்மதி. வண்டி தலைகீழாகக் கிடந்துவிட்டு எழுந்தாலும் உடனே கிளம்பியது. 2018ல் ஆஸ்திரியாவின் எர்ட்ஸ்பெர்க் போட்டியில் கிரஹாம் ஜார்விஸ் இதே முறை கொண்ட ஹஸ்க்வர்னா டிஇ 300i வண்டியில் வென்றபோது, கரடுமுரடான ஹார்ட் எண்டியூரோவுக்கு இன்ஜெக்ஷன் ஆகாது என்ற வாதம் அடங்கியது.

தீராதவையும் இருந்தன. த்ராட்டிலை லேசாகத் திறக்கும் இடத்தில் எஞ்சின் தயங்கும், சில நேரம் சட்டென்று அணைந்துவிடும் என்ற புகார் தொடர்ந்தது. மேல் ஆர்பிஎம்மில் கார்புரேட்டர் வண்டியின் துள்ளல் இல்லை என்றார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. பெட்ரோலில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் ஃபில்ட்டர் அடைத்துக்கொள்ளும் என்பதால், கேனிலிருந்து ஊற்றுவதே ஒரு சடங்கு போல ஆனது. நான் ஒருமுறை மூடி சரியாக இல்லாத கேனிலிருந்து அவசரமாக ஊற்றினேன், மதியத்துக்குள் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. தவறு முழுக்க என்னுடையது. ஆனால் கார்புரேட்டராக இருந்தால் காட்டிலேயே கிண்ணத்தைக் கழற்றி, ஊதி, பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். அன்று மாலைவரை காத்திருந்து, வேனில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன்.

2024ன் பாடி இன்ஜெக்ஷன் இந்தப் பின்னணியில்தான் வந்தது. 39 மில்லிமீட்டர் கெய்ஹின் த்ராட்டில் பாடி, அதில் இரண்டு இன்ஜெக்டர்கள். பெட்ரோல் மறுபடியும் காற்றோடு சேர்ந்தே உள்ளே வருகிறது, கார்புரேட்டரில் வந்த அதே பாதை. அதனால்தான் ஓட்டியவர்கள் முதலில் சொன்ன சொல் "பழையபடி இருக்கிறது" என்பது. தயக்கம் குறைந்தது, மேலே இழுவை நீண்டது. போர்ட் இன்ஜெக்ஷனை ஐந்தாறு ஆண்டுகள் திட்டியவர்கள்கூட இதைப் பெரிய குறை சொல்லவில்லை. என் மதிப்பீட்டில் 2024 வண்டியின் மிகச் சிறந்த மாற்றம் இதுதான். ஃபோர்க் பற்றிய சத்தத்தில் இது அமுங்கிப்போனது எனக்கு வருத்தம்.

ஆனால் அதே எஞ்சினில் ஒரு சின்னப் பொருள் போய்விட்டது, அதற்காக நான் மனதார வருந்துகிறேன். பழைய 250, 300 எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் பவர் வால்வை எஞ்சினின் சுழற்சியே திறக்கும், ஒரு ஸ்பிரிங் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்பிரிங் மூன்று நிறங்களில் வரும்: மஞ்சள் இயல்பானது, பச்சை சாந்தமானது, சிவப்பு முரட்டுத்தனமானது. ஒரு மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, சரிசெய்யும் திருகை அரைச் சுற்று திருப்பினால் வண்டியின் குணமே மாறும். மழைக்காலத்துக்குப் பச்சை, கோடைக்குச் சிவப்பு என்று மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். புதியவர் ஒருவருக்கு வண்டியைக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் பச்சையைப் போட்டுக் கொடுப்போம். இப்போது அந்த வேலையை மோட்டாரும், கம்ப்யூட்டரில் எழுதிவைத்த மேப்பும் செய்கின்றன. ஹேண்டில்பாரில் சுவிட்ச் இருந்தால் ஓட்டிக்கொண்டே மாற்றலாம், அது வசதிதான். ஆனால் தொழிற்சாலை எழுதிய இரண்டு குணங்களுக்கு நடுவில் எனக்கென்று ஒன்று வேண்டுமானால், கம்ப்யூட்டரோடு வரும் யாரையாவது தேட வேண்டும்.

கிக்கர் விஷயத்தில் என் மனம் இந்த அளவு இறங்கவில்லை. போர்ட் இன்ஜெக்ஷன் காலத்திலேயே அது தனியாக வாங்கிப் பொருத்தும் பொருளாகிவிட்டது, 2024ல் அதற்கான இடமே எஞ்சினில் இல்லை. எடையும் அகலமும் குறைந்தன. எதிர்த்தவர்களின் வாதம்: பேட்டரி செத்தால் காட்டில் என்ன செய்வது? ஈரக் களிமண்ணில் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. நியாயமான கேள்விதான். ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடவே மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுதாகப் போய்விட்டால் கிக்கரை உதைத்து என்ன பயன்? இவற்றில் வருவது சின்ன லித்தியம் பேட்டரி, கடுங்குளிரில் சோர்ந்துபோகும். லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டால் பேட்டரி கொஞ்சம் சூடாகித் தெளியும், அப்புறம் ஸ்டார்ட்டரைத் தொடலாம். கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது இப்போது பலருக்குப் பழகிவிட்டது. இந்தக் கோபம் ஏற்கெனவே தணிந்துகொண்டிருக்கிறது.

ஒற்றை எலக்ட்ரானிக் பெட்டி பற்றிய கோபம் தணியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய வண்டியில் ஃபியூஸ் போனால் இருபது ரூபாய்ப் பொருள், மாற்றக் கண்ணும் விரலும் போதும். புதியதில் அந்தப் பெட்டி தானே சுற்றைத் துண்டித்து, கோளாறைக் காட்டவும் செய்கிறது. நல்ல ஏற்பாடு. பெட்டியே போய்விட்டால் ரைடரால் எதுவும் செய்ய முடியாது. அப்படிப் போவது அரிது என்பதை நம்புகிறேன். ஆனாலும் எண்டியூரோ என்ற விளையாட்டு 1913ல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய சர்வதேச ஆறுநாள் போட்டியிலிருந்தே, ஓட்டுகிறவர் தன் வண்டியைத் தானே சரிசெய்ய வேண்டும் என்ற அடிப்படையில் வளர்ந்தது. ஆறுநாள் போட்டியில் இன்றும் டயரை ரைடர்தான் தன் கையால் மாற்ற வேண்டும். அந்த மரபில் வந்தவர்களுக்கு, திறக்க முடியாத பெட்டி உறுத்தத்தான் செய்யும். பேட்டா, ஷெர்கோ என்ற போட்டி நிறுவனங்கள் டூ ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டரை விடாமல் வைத்திருந்தது பலரை அந்தப் பக்கம் இழுத்ததற்கும் இந்த மனநிலை ஒரு காரணம். (ஷெர்கோ நமக்குப் புதிய பெயரல்ல. ஓசூரின் டிவிஎஸ் ரேஸிங் அந்தப் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து டாக்கர் ராலிக்குப் போனது. 2024 டாக்கரில் ஹரித் நோவா ராலி 2 பிரிவை வென்றது அந்த அணிக்காகத்தான்.)

போட்டி முடிவுகளை வைத்து இந்த விவாதத்தைத் தீர்க்கப் பார்க்கிறவர்களும் உண்டு. மானுவல் லெட்டன்பிக்லர் கேடிஎம் 300ல் எர்ட்ஸ்பெர்க்கை 2022லிருந்து தொடர்ந்து வென்றார், அதாவது பழைய தலைமுறையிலும் வென்றார், புதியதிலும் வென்றார். அந்த இரும்புச் சுரங்க மலையில் 500 பேர் கிளம்பி, நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் பல ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. எண்டியூரோ ஜிபி உலகப் பட்டத்தை 2024ல் வென்ற ஜோசெப் கார்சியாவும் கேடிஎம்தான், ஆனால் 250 ஃபோர் ஸ்ட்ரோக். இவை வண்டியின் எல்லை எவ்வளவு தூரம் என்று காட்டும். அவர்கள் ஃபோர்க்கின் உள்ளே இருப்பது கடையில் விற்கும் வண்டியில் இருப்பதில்லை, அவர்கள் கைகளும் நம் கைகள் அல்ல. ஆகவே வாங்கும் முடிவுக்கு இந்த வெற்றிகளை எடுக்காதீர்கள். 2025 மாடலில் கேடிஎம்மே 300 ஈஎக்ஸ்சி ஹார்ட்எண்டியூரோ என்று தனிப் பதிப்பு கொண்டுவந்தது எனக்கு இதைவிடப் பயனுள்ள தகவலாகத் தெரிகிறது. பாறையில் மெதுவாக ஏறுகிறவர்களுக்குப் பொது மாடலிலிருந்து வேறாக ஒன்று வேண்டும் என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டது போலத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

நிறுவனத்தின் நிலை பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் கேடிஎம் ஆஸ்திரியாவில் நொடிப்பு நடவடிக்கைக்குப் போனது, 2025ல் பஜாஜின் பணம் அதைத் தூக்கி நிறுத்தியது. அந்த மாதங்களில் எழுதப்பட்ட கருத்துகளில் வண்டியைப் பற்றிய மனக்குறையும், உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலையும் கலந்தே இருக்கும். அவற்றைப் பிரித்துப் படியுங்கள்.

இனி உங்கள் 2023 வண்டி. நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் ஓடை, பாறை, செங்குத்து ஏற்றம் என்றால், எடை 75 கிலோவுக்குக் கீழ் என்றால், ஷெட்டில் ஸ்பேனர் பிடிப்பது உங்களுக்குப் பிடித்த வேலை என்றால், அதை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ப்ளோர் ஃபோர்க் உங்களுக்கு நண்பன். வாங்கும்முன் ஹவர் மீட்டரைப் பாருங்கள், பிஸ்டன் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள், பெட்ரோல் ஃபில்ட்டரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், ஆயில் டேங்க்கில் ஒரு கோடு வரைந்து நூறு கிலோமீட்டரில் அளவு இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்துவிட்டால் பம்ப் பற்றிய பயம் போய்விடும்.

வேகமான காட்டுப் பாதை, போட்டிச் சுற்று, நாள் முழுக்க ஓட்டம் என்றால் 2024க்குப் பிந்தையதுதான். வாங்கியதும் மற்ற உபரிப் பொருள்களுக்குச் செலவழிக்காமல், உங்கள் எடைக்கான ஸ்பிரிங்கை முதலில் போடுங்கள். பின்பக்கம் நீங்கள் முழுக் கியரோடு ஏறி நிற்கும்போது சுமார் 110 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு ஒரு நண்பரும் ஓர் அளவு டேப்பும் போதும். சஸ்பென்ஷனின் இறுக்கத்தைச் சரிசெய்யும் கிளிக்கர் திருகுகளை இரண்டு இரண்டு கிளிக்காக மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே பாதையில் ஓட்டி, கிடைத்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபது மணி நேரம் முடிந்ததும் அந்த நோட்டைத் திறந்து, முதல் நாள் எழுதியதை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.